புல்தரையை எடுத்துவிட்டுப் பொடுதலை வைத்த கதை

வீட்டு முன்னால் இருக்கும் இருபதடிக்கு இருபதடி இடம் இப்போது முழுக்கப் பொடுதலை. பார்க்கிறவர்கள் "இது என்ன புல்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். புல் இல்லை, வாய்க்கால் ஓரத்தில் தானாக வளருமே, அந்தப் பொடுதலைதான் என்று சொன்னால் பாதிப் பேர் குனிந்து தொட்டுப் பார்க்கிறார்கள். வரப்பில் மிதிபட்டுக் கிடக்கிற செடியை யாராவது வேண்டுமென்றே வீட்டு முன்னால் வைப்பார்களா என்ற எண்ணம் எனக்கும் இருந்ததுதான். இரண்டு முறை தோற்ற பிறகே இந்தச் செடியிடம் வந்து சேர்ந்தேன். இந்த நான்கு வருடத்தில் கற்றதை எழுதி வைத்தால் இன்னொருவருக்கு இரண்டு வருடமாவது மிச்சமாகும்.

முதலில் போட்டது புல்தரை. பாய் பாயாகச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்துக் கொடுத்தார்கள். மூன்று மாதம் பச்சையாக இருந்தது. அப்புறம் வந்த கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் விட்டும் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. நான்கு நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் மஞ்சள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கியபோது பள்ளமான பாதி அழுகியது. வெயிலும் தாங்காத, தேங்கிய தண்ணீரும் தாங்காத ஒன்றை இந்த மண்ணில் பிடித்து வைக்கப் பார்த்தது என் தவறுதான்.

அடுத்து, எந்தத் தொந்தரவும் இல்லாமல் பரவும் என்று கேட்டு வெடேலியா வைத்தேன். பரவியது, சந்தேகமே இல்லை. ஆறு மாதத்தில் செம்பருத்தியின் அடியை மூடி, துளசியை அமுக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கி, மழைநீர் வடிகாலையும் அடைத்துவிட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் பக்கத்துச் செடி அது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் 100 என்ற பட்டியலில், நம் காடுகளை நிறைத்திருக்கும் உன்னிச்செடியோடு இதுவும் இருக்கிறது. அது எனக்குத் தெரிய வந்தபோது செடி வேலி தாண்டியிருந்தது. பிடுங்க ஒன்றரை மாதம் ஆனது. விட்டுப்போன ஒரு கணுத் துண்டிலிருந்துகூட மறுபடி கிளம்பும் என்பதால், பிடுங்கியதைக் குப்பைக்குழியில் போடாமல் தார்ப்பாயில் விரித்துச் சருகாகும்வரை காய வைத்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெடேலியாவை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துக் கீரையாகப் பறிக்கிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டும் மிக நெருங்கிய உறவு, பூவும் மஞ்சள்தான். ஆனால் வெடேலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்து பளபளப்பாக இருக்கும், பூவும் பெரிது. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை மடல் பிரியாமல் ஒடுங்கி நீண்டிருக்கும். உறுதியாகத் தெரியாவிட்டால் பறிக்கவே வேண்டாம்.

வெடேலியாவை எடுத்த பிறகு மண் வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கோடையில் எதுவும் நடவில்லை, தண்ணீரும் விடவில்லை. களை எடுக்க உதவிக்கு வந்த வயதான அம்மா ஒருவர்தான் மேல்நிலைத் தொட்டி வழிந்து சொட்டும் மூலையைக் காட்டினார். "இது பாட்டுக்கு இருக்குதே தம்பி, இதை ஏன் விட்டுட்டு எதை எதையோ வைக்கிற?" அங்கே ஒரு முறம் அளவுக்குப் பொடுதலை படர்ந்திருந்தது. பல மாதமாக அதை மிதித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன்.

அன்று உட்கார்ந்து அதைக் கவனமாகப் பார்த்தேன். தண்டு தரையோடு ஓடுகிறது. கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு இலை. இலை அடியில் குறுகி நுனியில் அகன்று சிறு கரண்டி போல இருக்கிறது. ஓரத்தில் பற்கள் உண்டு, ஆனால் மேல்பாதியில் மட்டும். கீழ்ப்பாதி வழவழவென்று நேர்கோடு. பொடுதலையை அடையாளம் காண எனக்கு இதுவே போதும். இரண்டு இலையில் ஒன்றின் கக்கத்திலிருந்து விரல் நீளக் காம்பு நிமிர்கிறது. அதன் தலையில் கருஞ்சிவப்பான ஒரு பொத்தான், அந்தப் பொத்தானைச் சுற்றி ஒரே ஒரு வரிசையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப் பூக்கள். கீழ் வரிசை உதிர உதிர மேல் வரிசை மலர்கிறது. பூவளையம் படிப்படியாக மேலேறிப் போக, பொத்தான் நீண்டு கடைசியில் சின்னத் திப்பிலி போல ஆகிறது. வடமொழியில் இதை ஜலபிப்பலி, அதாவது நீர்த்திப்பிலி என்று சொல்வது இதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். தாவரவியல் பெயரான ஃபைலா நோடிஃப்ளோராவில் பின்பாதிக்குக் கணுவில் பூப்பது என்று பொருள். 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் வெர்பினா பேரினத்தில் வைத்த செடி இது. ஃபைலாவுக்கு மாறியது 1899-ல். லிப்பியா என்ற பழைய பெயரும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழ்ப் பெயருக்கு எங்கள் வீட்டில் சொல்லும் காரணம் எளிது: தலைப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற செடி.

தரைமூடியாக அது வெல்வதற்கான காரணமும் அந்தக் கணுதான். ஒரு கொடியை மெல்லத் தூக்கினேன். வரவில்லை. ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர்க் கொத்து மண்ணைக் கவ்வியிருந்தது. ஒரு கணு விடுபட்டால் அடுத்தது இழுத்துப் பிடித்தது. மண் கரையாமல் நிற்க இதைவிட வேறென்ன வேண்டும் என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன். பழைய கொடிகளின் அடி விறைத்துக் கட்டையாகியிருந்தது. செடி என்றோ கொடி என்றோ ஒரே பெயரில் அடக்க முடியாத வளர்ச்சி அது. உயரம் மட்டும் எங்கும் நாலு விரல்கடையைத் தாண்டவில்லை.

நடுவதற்கு முன் மண்ணைத் தயார் செய்ததில்தான் எனக்கு அதிக நேரம் போனது. அதில் செலவழித்த ஒரு நாளும் வீண் போகவில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எதிரி கோரைப்புல். கோடையில் கண்ணாடி போன்ற பாலித்தீன் விரித்து ஓரங்களில் மண் அணைத்து ஆறு வாரம் விட்டேன். பார்த்தீனியம், குப்பைமேனி போன்ற விதைக்களைகள் வெகுவாகக் குறைந்தன. கோரையோ பாலித்தீனைக் குத்திக்கொண்டு ஊசி ஊசியாக வெளியே வந்தது. அதன் கிழங்குகள் மண்ணுக்குள் நூல் கோத்த மணி போலச் சங்கிலியாக இருக்கின்றன. நுனிக் கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை பெரும்பாலும் தூங்கும். மண்வெட்டியால் கொத்தினால் சங்கிலி அறுந்து, தூங்கிய கிழங்கெல்லாம் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். முதல் தடவை நான் கொத்தித்தான் போட்டேன். இரண்டு வாரத்தில் முன்பைவிட அடர்த்தியாக வந்து நின்றது.

அதன் பிறகு முறையை மாற்றினேன். மண்ணை நன்றாக நனைத்து, மறுநாள் பதத்தில் கடப்பாரையை ஆழமாக இறக்கி நெம்பி, கட்டி உதிர உதிரக் கையால் சங்கிலியைப் பின்தொடர்ந்து எடுத்தேன். ஒரு நாளைக்கு நான்கடிக்கு நான்கடி முடிந்தாலே பெரிது. மீந்த கிழங்குகள் முளைக்கட்டும் என்று லேசாகத் தண்ணீர் தெளித்து, முளைத்ததை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிடுங்கினேன். முளை பழுத்துப் புதுக் கிழங்கு கட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. நான்கு சுற்று இப்படிப் போனது. கோரை முழுக்கப் போகவில்லை, ஆனால் பொடுதலை முந்திக்கொள்ளும் அளவுக்கு ஓய்ந்தது. இந்த வேலையைத் தவிர்த்துவிட்டுச் செடியை நட்டால், பின்னால் கொடிகளுக்கு இடையே கோரையைத் தேடிப் பிடுங்கும்போது இரண்டும் சேர்ந்துதான் கையோடு வரும்.

நாற்றுக்கு வெளியே போகவில்லை. தொட்டி மூலையிலிருந்தே கொடிகளை வெட்டினேன். மூன்று நான்கு கணு உள்ள துண்டு, அதில் இரண்டு கணு மண்ணுக்குள், மீதி வெளியே. ஏற்கெனவே வேர் இறங்கிய கணுக்களோடு ஒரு பிடி மண்ணையும் சேர்த்துப் பெயர்த்தவை ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன. வேரில்லாத துண்டுகளில் மூன்றில் ஒன்று போனது. வெட்டிய துண்டை நிழலில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்து அன்றே நட வேண்டும். ஒரு கூடையை மறுநாள் வரை வெளியே வைத்திருந்தேன், வாடியவை திரும்பவே இல்லை.

இடைவெளியில் நான் செய்த கஞ்சத்தனம் ஒரு வருடத்தைத் தின்றது. இரண்டடிக்கு ஒன்று வைத்தால் இருபதுக்கு இருபதில் நூறு துண்டு போதும் என்று கணக்குப் போட்டேன். ஒரு அடிக்கு ஒன்று என்றால் நானூறு. நூறுதான் நட்டேன். நடுவில் கிடந்த வெறும் மண்ணில் செடியைவிட வேகமாகக் களை வந்தது. அடுத்த ஆவணியில் இடைவெளியெல்லாம் நிரப்ப மறுபடி நட வேண்டி வந்தது. நாற்று குறைவாக இருந்தால் இடம் முழுக்கத் தூவலாக நடாமல், ஒரு மூலையில் அடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டு, அது மூடிய பிறகு அதிலிருந்து வெட்டி அடுத்த பகுதிக்குப் போவதே நல்லது. நட்டது புரட்டாசிக் கடைசியில். வடகிழக்கு மழை தொடங்கும் நேரம் என்பதால் தண்ணீர் ஊற்றும் வேலை அதிகமில்லை.

இன்னொரு தவறு, நல்லது என்று நினைத்துச் செய்தது. ஈரம் காக்கவும் களையை அமுக்கவும் துண்டுகளுக்கு இடையே மூன்று அங்குலத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டேன். மற்ற செடிகளுக்கு எப்போதும் செய்வதுதானே. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கொடிகள் சருகின் மேல் ஓடியிருந்தன. கணுக்களிலிருந்து கிளம்பிய வேர்கள் அரை அங்குலம் நீண்டு, மண்ணைத் தொட முடியாமல் நுனி கறுத்துக் கருகியிருந்தன. ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தேடித் தோற்றிருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அன்றே சருகை எல்லாம் வாரி எடுத்துவிட்டுக் கொடிகளைத் தரையில் படிய வைத்து, கணு மேல் ஒரு சிட்டிகை மண் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தினேன். பத்து நாளில் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து வாரம் ஒருமுறை ஈர மண்ணில் மெதுவாகக் கால் பதித்து நடந்துவிட்டு வருவதையே வழக்கமாக்கிக்கொண்டேன். பரவும் காலத்தில் இந்த மிதி செடிக்கு நல்லது. கணு மண்ணைத் தொடுகிறதா என்பது ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

உரம் வேண்டாம். ஒரு பகுதிக்கு மட்டும் தொழுவுரம் தாராளமாகப் போட்டுப் பார்த்தேன். அங்கே இலை பெரிதாகி, கொடி மேலெழுந்து, கொழகொழவென்று நின்றது. பூ குறைந்தது. உரமில்லாத பகுதி தரையோடு ஒட்டி அடர்ந்தது.

அந்த முதல் மழைக்காலத்தில் கன மழை பெய்து, பள்ளமான பாதி நான்கு நாள் கணுக்கால் அளவு தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. முன்பு புல் அழுகிய அதே இடம். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். தண்ணீர் வடிந்தபோது இலைகள் மேல் சேறு படிந்திருந்தது, அவ்வளவுதான். குளத்தங்கரையிலும் வாய்க்காலோரத்திலும் வாழ்ந்து பழகிய செடிக்கு நான்கு நாள் வெள்ளம் புதிதில்லை. சேற்றை மட்டும் பூவாளியால் கழுவிவிட்டேன். ஒரு வாரத்தில் புதுத் துளிர். அதற்கு முன் வடிகாலுக்குப் போகும் சரிவில் ஒவ்வொரு மழைக்கும் மண் அரித்துக்கொண்டு போகும். பொடுதலை மூடிய பிறகு அங்கிருந்து வடியும் தண்ணீர் கலங்கல் இல்லாமல் வருகிறது.

கோடையில் வேறு பயம். சித்திரையில் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன். இலைகள் சிறுத்து, தடித்து, ஊதா கலந்த செம்பு நிறத்துக்கு மாறின. சில இடங்களில் வெறும் கொடிதான் தெரிந்தது. வீட்டில் எல்லோரும் காய்ந்துவிட்டது என்றார்கள். கொடியை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இருந்தது. கோடை மழை ஒன்று பெய்த ஐந்தாம் நாள் முழுக்கப் பச்சை திரும்பியது. இப்போது கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைக்கிறேன். தினம் தெளிப்பதைவிட இது போதுமானது, பச்சையும் ஓரளவு நிற்கிறது.

பூக்கும் காலத்தில் தேனீ நிறைய வரும். காலை வெயில் ஏறியதும் கொம்புத்தேனீக்களின் ரீங்காரம் தரையிலிருந்தே கேட்கிறது. எனக்கு இது இந்தச் செடி தந்த பெரிய சந்தோஷம். ஆனால் வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடமென்றால் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை கொட்டு வாங்கியாயிற்று. நடைபாதை ஓரமாக இரண்டடி அகலத்துக்கு மட்டும் பூக்காம்புகளைக் கத்தரியால் வெட்டிவிடுகிறேன், நடு இடம் தேனீக்களுக்கு. தேனீக் கொட்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால், பூ விடாமல் மாதம் ஒருமுறை முழுக்கவே வெட்டிவிடுங்கள். செடி அதையும் தாங்கும்.

இரண்டாம் வருடம் இலைகள் சல்லடையாகத் தெரிந்தன. வேப்பெண்ணெய்க் கரைசல் கலந்து கையில் எடுத்தும் விட்டேன். தெளிக்கும் முன் குனிந்து பார்த்ததில், உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு கருமையான புழுக்கள். முள் பார்க்கத்தான் பயம், எனக்கு அரிப்பு எதுவும் வரவில்லை. என்ன புழு என்று தெரியாமல் தெளிக்க மனம் வராமல் கரைசலை வேறு செடிக்கு எடுத்துப் போனேன். மூன்று வாரம் கழித்து ஆரஞ்சுச் சிறகில் மயிற்பீலிக் கண்ணோடு மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சிகள் அதே இடத்தில் தாழப் பறந்தன. அதன் புழு உண்ணும் செடிகளில் பொடுதலையும் ஒன்று. மழைக்காலத்தில் பிறக்கிறவற்றுக்குச் சிறகின் அடிப்பக்கத்திலும் கண்கள் தெளிவாக இருக்கும். வறண்ட காலத்தில் பிறக்கிறவை சிறகை மூடினால் காய்ந்த சருகு போலவே இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தாலும் தெரியாது. கடித்த இலைகள் தாமாகவே தழைத்துக்கொண்டன. அதன்பின் இந்த இடத்தில் எந்தத் தெளிப்பும் இல்லை.

எல்லையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியது போலாகும். பொடுதலையும் படரும் செடிதான். செங்கல் வரிசை வைத்தால் அதன் மேலேயே ஏறி அடுத்த பக்கம் இறங்கும். காய்கறிப் பாத்தியில் ஈரம் இருப்பதால் அந்தப் பக்கம்தான் முதலில் போகும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையும், மற்ற நாளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எல்லைக் கோட்டில் மண்வெட்டியை நேராக இறக்கி வெட்டிவிடுகிறேன். அரை மணி நேர வேலை. வெடேலியாவோடு ஒப்பிட்டால் இது சொன்ன பேச்சு கேட்கும் செடி. செம்பருத்தியின் தூரைச் சுற்றிப் படர்ந்ததே தவிர மேலேறி அமுக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு துண்டைக் கொண்டுபோய் நட வேண்டாம். பொடுதலைக்கு மிக நெருங்கிய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபைலா கேனசென்ஸ் ஆஸ்திரேலியாவின் மரே–டார்லிங் ஆற்றுப் படுகையில் வெள்ளச் சமவெளிகளை மூடிப் பெரும் தொல்லையாகியிருக்கிறது. நீங்கள் இருக்கும் மண்ணில் எது தானாகப் படர்கிறதோ, அந்த ஊர்ச் செடியைத் தேடுவதுதான் முறை.

நம் மண்ணிலேயேகூட எல்லா இடத்துக்கும் பொடுதலை சரிவராது. எங்கள் வேப்பமரத்தடியில் பாதி நாள் நிழல். அங்கே கொடி நூலாக நீண்டு, கணுக்கள் தள்ளித் தள்ளி விழுந்து, தரை தெரிகிறது. இரண்டு முறை முயன்று விட்டுவிட்டேன். அங்கே சருகு மூடாக்கே நன்றாக இருக்கிறது. வண்டிச் சக்கரம் தினமும் ஏறும் இடத்திலும் நிற்காது, நடமாட்டத்தைத் தாங்கும், சக்கரத்தைத் தாங்காது. வடக்கு வேலி ஓரம் சரளை கலந்த செம்மண், தண்ணீர் நிற்கவே நிற்காது. அங்கே பொடுதலையைவிடச் செப்பு நெருஞ்சில் நன்றாகப் படிந்தது. தரையோடு ஒட்டிய சின்னக் கூட்டிலை, செம்பு நிறத்தில் பொடிப் பூ, பெயரில்தான் நெருஞ்சில், காலில் குத்தும் முள் கிடையாது. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பெயர்த்து நட்டால் பிழைப்பது கடினம், விதையாகத்தான் போட வேண்டும். அதற்கும் பின்னால் முழங்கால் உயரத்துக்கு நின்றால் பரவாயில்லை என்ற இடத்தில் கொழுஞ்சி. அது புதர்ச்செடியே, வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து வைப்பது, வயலுக்குப் பசுந்தாள் உரமாகப் போடுவது. ஊதாப் பூ வந்தபின் பாதியை வெட்டி அங்கேயே போட்டுவிடுகிறேன்.

பாம்பு வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாலு விரல்கடை உயரத்தில் அடர்ந்து கிடக்கும் செடியில் அது மறைந்திருக்க இடம் குறைவு. முழங்கால் உயர வெடேலியாவில்தான் எனக்கு அந்தப் பயம் இருந்தது. வருடத்துக்கு இரண்டு முறை, மழை முடிந்து ஒருமுறையும் ஆடியில் ஒருமுறையும், தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு மேலே வெட்டிவிட்டால் அடர்த்தி குலையாது.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டுத் தன் வீட்டு முன்னாலும் வைக்க வேண்டும் என்றார். அன்றே ஒரு கூடை வெட்டிக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர் இடத்தில் போய்ப் பார்த்தால் மூலையெல்லாம் கோரை. "முதல்ல இதை எடுங்கக்கா, துண்டு எப்போ வேணும்னாலும் தர்றேன்" என்று கடப்பாரையைத்தான் கொடுத்து அனுப்பினேன். தினம் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிக்கொண்டிருக்கிறார். நேற்று வேலிமேல் ஒரு தட்டு நிறையக் கிழங்கைக் காட்டினார். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவருக்கு இன்னும் ஒரு மூலை பாக்கி.